வாசலில் வைத்த கல்

நாவலில் வரும் அந்தக் கிழவன்மேல் பரமானந்தத்துக்கு வந்த கோபம் மூன்று நாளாகியும் இறங்கவில்லை.

சனிக்கிழமை மாலை, கோவில்பட்டியில் நூலக மாடியில் வாசகர் வட்டம் கூடியது. எட்டுப் பேர். நடத்துபவர் ஜெயசீலி டீச்சர். பரமானந்தம் அவரைவிட இருபது வயது மூத்தவர், ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர். நாவல் படிக்கப் பழகியதே டீச்சரிடம்தான். "நான் அவங்க சிஷ்யன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

அன்று எடுத்துக்கொண்டது ஒரு மொழிபெயர்ப்பு நாவல். எங்கோ பனிமலையில் ஆடு மேய்க்கும் சனங்களின் கதை. வீட்டை மீறிப் போன பிள்ளைக்கு அங்கே அப்பன் வாசலில் ஒரு கறுப்புக் கல்லை வைப்பான். வைத்தவனே எடுக்காமல் அந்தப் பிள்ளை உள்ளே வரக் கூடாது. கடைசிப் பக்கத்தில் மகள் வருகிறாள், கல்லைப் பார்க்கிறாள், திரும்பிப் போகிறாள்.

பரமானந்தம் புத்தகத்தை மேசையில் ஓங்கி வைத்தார்.

"ஒத்தைக் கல்லு டீச்சர். குனிஞ்சு எடுத்துப் போட எவ்வளவு நேரமாகும்? பெத்த பிள்ளை பனியில நிக்கா. இவன் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருக்கான்."

"அது அவங்க வழக்கம் சார்" என்றாள் தையற்கடை முத்துமாரி.

"என்ன பெரிய வழக்கம்? காட்டுமிராண்டித்தனம். நம்ம ஊர்ல எந்த அப்பனாவது இப்படிச் செய்வானா?"

முத்துமாரி குனிந்து பைக்குள் எதையோ தேடினாள். ஒருவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க? ஒருத்தருக்கும் கோபம் வரலையா?"

கூட்டம் சீக்கிரமே கலைந்தது.

பரமானந்தம் மட்டும் நின்றார். அடுத்த மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையின் புரூஃபைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பிழை இருந்தாத் திருத்திக் கொடுங்க டீச்சர். ஆறு மணிக்குள்ள பிரஸ்ல கொடுக்கணும்."

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்து வரி வரியாகப் படித்தார். பெரியப்பா, சித்தப்பா, மூன்று அத்தைகள், தாய்மாமன்கள் எல்லாரும் இருந்தார்கள். செத்துப்போன தாத்தாவும் பாட்டியும்கூட ஆசி வழங்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் 'மழலைகள்' என்று பதினோரு பிள்ளைகளின் பெயர்.

டீச்சர் இரண்டு இடத்தில் மட்டும் விடுபட்டதற்கான குறி போட்டார். மாப்பிள்ளையின் உடன்பிறந்தோர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று, மழலைகள் வரிசையில் ஒன்று. இரண்டாவதைப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது. டீச்சருக்கும் கோபம்தான். பரமானந்தத்தின் மகள் சுபலட்சுமி டீச்சரிடம் ஐந்து வருஷம் படித்தவள்.

"என்ன விட்டுப்போச்சு?"

"நீங்கதான் சொல்லணும்."

பரமானந்தத்தின் முகம் சிவந்தது.

"எழுத்துப் பிழை பாக்கத்தான் கொடுத்தேன் டீச்சர். என் குடும்ப விஷயத்துல தலையிடச் சொல்லலை."

"எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லை."

"நாலு வருஷத்துக்கு முன்னால வேற சாதிக்காரனைக் கட்டிக்கிட்டு என்னைத் தலைகுனிய வச்சவ அவ. இத்தனை சொந்தக்காரன் முகத்துல நான் முழிக்க வேண்டாமா? இப்படிப் போன பிள்ளை பேரைப் பத்திரிகையில போடுறது எங்க வழக்கத்துலயே..."

மேசையில் அந்த நாவல் கடைசிப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அவர் கண் அதில் போய் நின்றது.

டீச்சர் புரூஃபை நாவலின் மேல் வைத்து, பேனாவை அவர் பக்கம் தள்ளினார்.

பரமானந்தம் எழுந்து போய்விடுவார் என்றுதான் தோன்றியது. கதவு வரைக்கும் போனார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதல் குறிக்கு நேரே மகள் பெயரை எழுதினார். நாலு வருஷமாக எழுதாத பெயர் என்பதால் கோணலாக வந்தது. இரண்டாவது குறிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"அவ பிள்ளைக்கு என்ன பேரு வச்சாங்கன்னு எனக்குத் தெரியாதே டீச்சர்."

டீச்சர் தன் செல்போனில் சுபலட்சுமியின் எண்ணை எடுத்து அவர் முன்னால் வைத்தார். குரலில் கோபம் இன்னும் போகவில்லை.

"கேளுங்க. பிரஸ் ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்."