‘ஞானதீபம்’ படகில் வயர் துடைத்த கதை

கோரைமுனைத் துறைமுகத்தில் மடையர்களுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனாலும் பொறுக்கி எடுத்த மாதிரி நாலு மடையர்கள் ஒரே படகில் வேலைக்குச் சேர்ந்தது ‘ஞானதீபம்’ விசைப்படகில்தான். அந்தப் பெயரை வைத்தவர் பாவம், நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்.

படகின் டிரைவர் இஞ்ஞாசி. அவனுக்குக் கீழே வியாகுலம், பொஸ்கோ, கித்தேரியான் என்று மூன்று பேர். இஞ்ஞாசிக்கு மூளை கொஞ்சம் கூடுதல் என்று அந்த மூன்று பேரும் நம்பினார்கள். அவர்களே நம்பினார்கள் என்றால் அந்த மூளையின் லட்சணத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. படகுக்குச் சொந்தக்காரி செலஸ்தீன் அக்கா. புருஷன் வழிச் சொந்தம் என்கிற ஒரே பாவத்துக்காக இந்த நாலு பேருக்கும் வேலை கொடுத்து, சோறும் போட்டுக்கொண்டிருந்தாள்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் ஜெட்டியில், அதாவது படகு கட்டுகிற மேடையோரம், சும்மா கட்டிக் கிடந்தன. ஜெட்டியில் இருக்கிற கரண்டுப் பெட்டியிலிருந்து தடியாக ஒரு வயர் ஞானதீபத்துக்கு வரும். படகில் இருக்கிற ஃபிரீசர் அதில்தான் ஓடியது. அந்த ஃபிரீசருக்குள் அக்காவின் உயிரே இருந்தது என்று சொல்லலாம். மறுநாள் அவள் மகள் மெர்சிட்டாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் வில்லங்கம் பிடித்த ஆள். பந்தியில் சீலா மீன் குழம்பு இல்லை என்றால் எங்கள் ஆள் ஒருத்தனும் இலையைத் தொடமாட்டான் என்று நிச்சயதார்த்தத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார். தடைக்காலத்தில் சீலா குதிரைக்கொம்பு. அதனால் அக்கா முன்கூட்டியே நல்ல மீனாகப் பார்த்து ஃபிரீசரில் சேர்த்து வைத்திருந்தாள். தினமும் வந்து அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அன்று காலை துறைமுகத்து எலெக்ட்ரீசியன் வந்து வயரைப் பார்த்தார். மீன் சளியும் டீசலும் உப்பும் அப்பி, அது வயரா செத்த விலாங்கா என்று தெரியவில்லை. “சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள இதைத் துடைச்சு வைக்கலைன்னா லைனையே பிடுங்கிருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாண வேலையாகக் கிளம்பிய அக்கா, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே நாலு பேரையும் கூப்பிட்டாள்.

“ஏலே, நல்லா கேட்டுக்கோங்க. ரெண்டு பக்கமும் பிளக்கைக் கழட்டிட்டு, ஈரத்துணி வச்சு வயரைத் துடைங்க. பிளக்குல பொட்டுத் தண்ணி படக்கூடாது. நல்லா காஞ்ச பொறவுதான் மாட்டணும். அழுக்குப் படுத எடத்துல போட்டுராதீங்க. அரை மணி நேர வேலை. மீன் மட்டும் கெட்டுப் போச்சு, உங்க நாலு பேரையும் வெட்டிக் கொழம்பு வச்சிருவேன்.”

“சரிக்கா” என்றார்கள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடச் சிந்தாமல் மண்டையில் ஏற்றிக்கொண்டார்கள். மண்டையில் இடத்துக்கு என்ன குறை?

ஸ்கூட்டர் மறைந்ததும் மாநாடு கூடியது.

“எந்தப் பக்கத்தை மொதல்ல கழட்ட?” என்று கேட்டான் வியாகுலம்.

“படகுப் பக்கம் கழட்டுனா கரையிலேர்ந்து வார கரண்டு கடல்ல கொட்டிரும்லே. ஊரே இருட்டாயிரும்” என்றான் பொஸ்கோ.

“அப்போ கரைப் பக்கம் கழட்டுவோம்.”

“படகுல இருக்க கரண்டு திரும்பி ஓடிப் போச்சுன்னா? அடுத்த படகுக்காரன் பிடிச்சு வச்சுக்கிட்டுத் தரமாட்டான்.”

எல்லோரும் இஞ்ஞாசியைப் பார்த்தார்கள். இஞ்ஞாசி கடலைப் பார்த்தான். அவன் யோசிக்கும்போது மற்றவர்கள் இருமக்கூட மாட்டார்கள்.

“நடுவுல ஒரு முடிச்சைப் போடுங்கலே” என்றான் கடைசியில். “தண்ணிக் குழாயை மடக்கிப் பிடிச்சா தண்ணி நிக்குல்லா?”

முடிச்சுப் போட்டார்கள். இஞ்ஞாசி விசில் அடிக்க, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிளக்கைக் கழற்றினார்கள். வயருக்குள் மிச்சம் இருக்கிற கரண்டை வீணாக்கக் கூடாதே என்று ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்து, முடிச்சை அவிழ்த்து, வயரைத் தூக்கிப் பிடித்து உதறினார்கள். ஒன்றும் விழவில்லை. கரண்டு கண்ணுக்குத் தெரியாது என்று இஞ்ஞாசி விளக்கம் சொன்னான். வாளியை மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்து, கித்தேரியானைக் காவலுக்கு உட்கார்த்தினார்கள். அவனும் பக்கத்தில் வந்த காக்காயை எல்லாம் “கிட்ட வராத, தூக்கி அடிச்சிரும்” என்று எச்சரித்துக்கொண்டிருந்தான். காக்காய்களுக்கு அவனைவிட விவரம் அதிகம். அவை வாளி மேலேயே உட்கார்ந்தன.

அடுத்து பிளக்கில் தண்ணீர் படக்கூடாது. “மழை வந்தா?” என்று கேட்டான் பொஸ்கோ. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது, வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் அக்கா சொன்னால் சொன்னதுதான். பொஸ்கோ ஒரு குடையைக் கொண்டுவந்து, இரண்டு பிளக்கையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து, குடை பிடித்தபடி நின்றுவிட்டான். அவனுடைய அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

துடைக்கிற வேலை வியாகுலத்துக்கும் இஞ்ஞாசிக்கும். ஒரு முழம் துடைப்பார்கள், துடைத்ததை டீசல் வழிகிற தளத்தில் போடுவார்கள். கடைசி வரை துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முதல் பாதி பழையபடி கறுப்பாகக் கிடக்கும். “வயருக்கு உள்ளேயிருந்து அழுக்கு ஊறுது” என்று வியாகுலம் கண்டுபிடித்தான். மறுபடி முதலிலிருந்து துடைத்தார்கள். இப்படியே மாற்றி மாற்றித் துடைத்ததில், தளத்தில் இருந்த அழுக்கு முழுக்க வயரில் ஏறி, வயரில் இருந்தது முழுக்கத் துணிக்குப் போய், மத்தியானம் ஆகும்போது தளமும் வயரும் சேர்ந்தே பளபளத்தன. அழுக்குக்கே அலுத்துப் போயிருக்கும்.

பிறகு வயரைக் கொடியில் தொங்கப் போட்டார்கள். அந்த வெயிலில் நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும்.

“வெளிய காஞ்சிருச்சு. உள்ள காஞ்சிருக்குமா?” என்றான் வியாகுலம்.

“உள்ள காய வெயில் பத்தாது. பிளக்கு வழியா காத்து அடிக்கணும். ஃபேனைப் போடு” என்றான் இஞ்ஞாசி.

ஃபேன் சுற்றவில்லை.

“ஃபேனுக்குக் கரண்டு வேணும்லா. வயரை மாட்டு.”

“காயாம எப்படி மாட்ட? அக்கா கொன்னுரும்.”

“அப்போ ஃபேன் போட்டுக் காய வைப்போம்.”

“ஃபேனுக்குத்தான் கரண்டு வேணுமே!”

இந்தப் பேச்சு வெகுநேரம் சுற்றியது. அன்றைக்கு அந்தப் படகில் சுற்றியது அது ஒன்றுதான். கடைசியில், வயர் தானாக உள்ளே காயும் வரைக்கும் அழுக்குப் படாத இடத்தில் வைப்பது என்று தீர்மானம் ஆனது. தளம் துடைத்துச் சுத்தமாக இருந்தது, ஆனால் எல்லோரும் அதில்தான் நடக்கிறார்கள். கொடியில் விட்டால் காக்காய் எச்சம் போடும். படகில் தூசி, வெயில், உப்புக் காற்று, காக்காய் எதுவும் நுழையாத இடம் ஒன்றுதான் இருந்தது.

“ஃபிரீசர்” என்றான் இஞ்ஞாசி.

“அதுல மீன் இருக்கே?”

“எடுத்துருவோம்.”

“வெளிய வச்சா கெட்டுப் போகாதா?”

இஞ்ஞாசி மூன்று பேரையும் பரிதாபமாகப் பார்த்தான். “எத்தனை வருசமா கடலுக்குப் போறீங்க? கடலுக்குள்ள எந்த மீனாவது கெட்டுப் போய்ப் பாத்திருக்கீங்களா?”

யாரும் பார்த்ததில்லை. ஃபிரீசரைத் திறந்து, கல்லாக உறைந்து கிடந்த சீலா மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜெட்டித் தண்ணீரில் விட்டார்கள். தொபுக்கு தொபுக்கு என்று அவை நேரே அடிக்குப் போய்விட்டன.

“எவ்வளவு வேகமா போகுது பாரு” என்று கித்தேரியான் நெகிழ்ந்து போனான். “சொந்த வீட்டைப் பாத்த சந்தோசம்.”

வயரைச் சுருட்டி ஃபிரீசரில் வைத்து மூடினார்கள். பொஸ்கோ குடையை மடக்கினான். வேலை முடிந்த திருப்தியில் நாலு பேரும் குறட்டை விட்டார்கள்.

சாயங்காலம் சமையல்காரருக்கு மீன் எடுத்துப் போக அக்கா வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே, வாங்கிய நாளில்கூட அப்படி இருந்திருக்காத சுத்தத்தோடு, வயர் சுருண்டு படுத்திருந்தது.

“மீன் எங்கலே?”

“பத்திரமா இருக்குக்கா. கெட்டே போகாத எடத்துல” என்று இஞ்ஞாசி பெருமையாகக் கடலைக் காட்டினான்.

அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஆத்திரத்தில் உதைத்த உதையில் வாளி உருண்டது. “கரண்டு கொட்டிருச்சு!” என்று அலறிக்கொண்டு நாலு பேரும் கேபின் கூரையில் தாவி ஏறினார்கள். வாளியிலிருந்து எதுவும் கொட்டவில்லை.

“யாருலே குடிச்சது?” என்று இஞ்ஞாசி கித்தேரியானை முறைத்தான்.

“மாதா மேல சத்தியமா நான் தொடலை. காக்காய்தான்!”

அக்கா அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். “எம் பிள்ளை கல்யாணப் பந்தி நாறப் போகுதே. அந்த மனுசன் எலையைத் தொடமாட்டானே” என்று வாய்விட்டு அழுதாள். அவள் அழுது அவர்கள் பார்த்ததே இல்லை. பாவம், மடையர்களுக்கும் மனசு உண்டு. நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

“அழாதக்கா, இப்பவே பிடிச்சுத் தாரோம்” என்றான் பொஸ்கோ.

“தடைக்காலத்துல வலை போடக்கூடாதே?” என்றான் வியாகுலம்.

இஞ்ஞாசி கடலைப் பார்த்தான். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“வலைதானலே போடக்கூடாது. வயர் போடக்கூடாதுன்னு யாரு சொன்னா? இந்தப் பிளக்குல மூணு பின்னு இருக்கு. ஒரே நேரத்துல மூணு மீன் மாட்டும். அதுங்க இருந்த பெட்டியில கெடந்த வயரு, மணம் பிடிச்சு மீனு தானா வரும்.”

சொன்னபடி சாயங்காலம் எலெக்ட்ரீசியன் வந்தபோது, அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இஞ்ஞாசியும் வியாகுலமும் பளபளக்கிற வயரைக் கடலுக்குள் விட்டுப் பிடித்திருந்தார்கள். கித்தேரியான் மறுமுனைப் பிளக்கைக் காதில் வைத்து, மீன் கடிக்கிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பொஸ்கோ பாதி உடம்பைப் படகுக்கு வெளியே நீட்டி, வயர் தண்ணீருக்குள் இறங்கிய இடத்துக்கு நேர் மேலே குடையை விரித்துப் பிடித்திருந்தான்.

“என்னலே பண்ணுதீங்க?” என்று கேட்டார் எலெக்ட்ரீசியன்.

“மெதுவா பேசுங்க சார்” என்றான் பொஸ்கோ, குடையை அசைக்காமல். “பிளக்குல பொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கு.”