அலை தாண்டும் விளக்கு

மீன்பிடித் தடை முடிந்து படகுகள் மறுபடி இறங்கும் நாள். விடியும்போதே குப்பம் மொத்தமும் கரையில் கூடிவிட்டது.

கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களைச் சொல்லிப் பாடி, வாழைமட்டைத் தெப்பத்தில் விளக்கு ஒன்றை விடுவார்கள். அது அலை தாண்டினால்தான் படகு இறங்கும். கவிழ்ந்தால் அன்றைக்கு யாரும் போவதில்லை.

சடங்கை நடத்துபவர் பூமயிலம்மாள். அவருடைய சீடர் காத்தலிங்கம். பாதி ஆயுசைக் கடலில் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு அவரிடம் பாடம் கேட்க வந்தவர்.

அன்று காத்தலிங்கத்தின் கண் இசைவாணி மேலேயே இருந்தது. கல்லூரியில் படிக்கிற பெண். முழங்கால் தண்ணீரில் நின்று செல்போனைக் கடலுக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

“இது சாமி கும்பிடவா வந்திருக்கு? எனக்கு நம்பிக்கையில்லம்மா.”

“எதுல?”

“நம்ம பாட்டை ஊருக்கெல்லாம் போட்டு வேடிக்கையாக்கிடும். போனை வாங்கி வச்சிரட்டுமா?”

“வேண்டாம். விளக்கு தாண்டுதான்னு பாரு. உன் வேலை அதுதான்.”

பூமயிலம்மாள் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். தெப்பம் மிதந்து போனது.

இசைவாணியின் உதடு அசைந்தது. யாரோடு பேசுகிறாள்? காத்தலிங்கம் ஓரடி நகர்ந்தார். வெளிச்சத்தில் திரை தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கினார். பாட்டில் அவளுடைய அண்ணன் பெயர் வந்தது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

‘இதுவும் படத்துக்குத்தான்’ என்று நினைத்துக்கொண்டார்.

பாட்டு நின்றது.

“தாண்டிடுச்சா?” என்றார் பூமயிலம்மாள்.

காத்தலிங்கம் கடலைப் பார்த்தார். வெறும் தண்ணீர். படகுகளில் கை வைத்தபடி ஆட்கள் அவர் வாயையே பார்த்து நின்றார்கள்.

“தெரியலம்மா.”

தண்ணீரிலிருந்து இசைவாணிதான் சொன்னாள்.

“தாண்டிடுச்சு அத்தே. ஒரு அலையில சாஞ்சுது, அப்புறம் நிமிந்து போயிடுச்சு.”

பூமயிலம்மாள் தலையசைத்தார். குலவைச் சத்தம் எழுந்தது. படகுகள் இறங்கின.

கரை காலியானதும் காத்தலிங்கம் மெல்ல வந்தார். முகம் தெளியவில்லை.

“அத்தனை பேர் உயிரும்மா. அந்தப் போனையாவது வாங்கிப் பாத்திருக்கலாம். வெறும் வாய்ப்பேச்சை எப்படி நம்புனீங்க?”

பூமயிலம்மாள் ஈரச் சேலையைப் பிழிந்தார்.

“இத்தனை வருசமா உன்னை எப்படி நம்புனேனோ, அப்படித்தான்.”