நாலு பக்கமும் காட்டிய டம்ளர்

“பாக்கறாங்க, ஹார்ட் போடறாங்க, வாங்க மட்டும் மாட்டேங்கறாங்க. ஜனங்களை நம்ப வைக்கறது எப்படின்னு சொல்லிக் குடுங்க மேடம்.”

கேட்டவர் குணசீலன். ஈரோட்டில் சேலை வியாபாரம், முழுக்க இன்ஸ்டாகிராமில்.

கேட்டது சேலம் பக்கம் இளம்பிள்ளையில் அதே வியாபாரம் செய்யும் வாசுகியிடம். அவரைவிடப் பத்து வயது சின்னவள். லைவில் வந்து ரெண்டு வார்த்தை பேசுவாள், எடுத்து வைத்த சேலையெல்லாம் விற்றுப் போய்விடும். அதனால் வயதைப் பார்க்காமல் அவள் வீட்டுக்கே சிஷ்யனாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

“எப்ப இருந்துங்ணா இப்படி?”

“பரமக்குடில ஜெசிந்தான்னு ஒரு டீச்சர். சேலை கிழிஞ்சு வந்துச்சாம். வீடியோ எங்கன்னு கேட்டேன், எடுக்கலையாம். பிளாக் பண்ணிட்டேன். அந்தம்மா போற பக்கமெல்லாம் என்னை ஏமாத்துக்காரன்னு எழுதிருச்சு. தீபாவளிச் சரக்கு அப்படியே கெடக்குது. இது போகலைன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

குணசீலனின் எல்லாப் பதிவுக்கும் அடியில் சிவப்பில் ஒரு வரி இருக்கும். பார்சலை நாலு பக்கமும் காட்டி, நடுவில் கட் ஆகாமல் பிரித்து வீடியோ எடுத்திருந்தால்தான் சேலை மாற்றித் தரப்படும். இந்த வியாபாரத்தில் பாதிப் பேர் போடுகிற வரிதான்.

வாசுகி உள்ளே போனாள். டீ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தன் போனை ஸ்டாண்டில் மாட்டி, அவர் பக்கம் திருப்பி, வீடியோப் பொத்தானை அமுக்கினாள்.

“டம்ளரை நாலு பக்கமும் காட்டிட்டுக் குடிங்கண்ணா. நடுவுல கட் ஆகக் கூடாது.”

“எதுக்கு?”

“ஈ கெடந்துச்சுன்னு நாளைக்குச் சொன்னீங்கன்னா?”

குணசீலனுக்குச் சுருக்கென்றது.

“என்னைப் பாத்தா பொய் சொல்றவனாட்டமா இருக்குது?”

“இல்லீங்க. ஆனா எல்லாருக்கும் ஒரே ரூலுங்க.”

“உங்க டீயும் வேண்டாம், உங்க பாடமும் வேண்டாம். இந்த வீட்டுல பச்சைத் தண்ணி தொட மாட்டேன்.”

விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனார். ஒரு கால் செருப்பில் நுழைந்தது. மறு கால் நுழையவில்லை.



நல்ல மனிதர்தான். ஆனால் லேசில் இறங்கி வருகிற ஆளில்லை.

“அதுவும் இதுவும் ஒண்ணாகாதுங்க” என்றார் திரும்பாமலே. “ஜனங்க ஏமாத்துவாங்க. விசேஷத்துக்குக் கட்டிக்கிட்டு, டேமேஜுன்னு திருப்பி அனுப்புவாங்க.”

“அனுப்புவாங்க” என்றாள் வாசுகி. தான் கட்டியிருந்த சேலையின் முந்தானையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. “இது அப்படி வந்ததுதான்.”

குணசீலன் திரும்பிப் பார்த்தார். “வேற சேலை அனுப்புனீங்களா?”

“அனுப்புனேன்.”

“பொய்யின்னு தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சேதான்.”

“அப்ப நீங்க ஏமாளி.”

“இருந்துட்டுப் போறேன். ஒருத்தி பண்ணுனதுக்கு ஊர்ல இருக்கற பொம்பளைங்களையெல்லாம் கூண்டுல ஏத்த என்னால ஆகாது. லைவ்லயும் இதைத்தான் கட்டிட்டு நிக்கறேன். எவ என்ன சொல்றான்னு பாக்கறேன்.”

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தார். தன் போனை எடுத்தார். ஞானம் வந்து எடுத்தார் என்று சொல்ல மாட்டேன், ரோஷம்தான். ஜெசிந்தா டீச்சர் மேல் போட்டிருந்த பிளாக்கை எடுத்தார். வாசுகி கேட்கும்படி சத்தமாகப் படித்துக்கொண்டே தட்டினார்.

“டீச்சர், வேற சேலை அனுப்பறேன். வீடியோ எதுவும் வேண்டாம்.”

அனுப்பிவிட்டு, போதுமா என்பதுபோல வாசுகியைப் பார்த்தார். 

பதில் வந்தது. படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது.

“என்ன எழுதிருக்காங்க?”

“‘உங்களை நான் எப்படி நம்பறது? நீங்க பேக் பண்றதை வீடியோ எடுத்து அனுப்புங்க. சேலையை விரிச்சு நாலு பக்கமும் காட்டணும். நடுவுல கட் ஆகக் கூடாது.’”

போனை மடியில் போட்டார். “திமிரைப் பாத்தீங்களா?”

 ஸ்டாண்டிலிருந்த போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டீயில் ஆடை படிந்திருந்தது.

குணசீலன் அந்த டம்ளரைப் பார்த்தார்.

பிறகு தன் போனை எடுத்து, “சரிங்க டீச்சர்” என்று எழுதி அனுப்பினார்.

டம்ளரைக் கையில் எடுத்தார். கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மெதுவாக, நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

அப்புறம் குடித்தார்.