முகம் பூரா பொட்டு

செங்கோடனுக்கு உலகத்துல ஒரே எதிரி, கண்ணாடித் தட்டுல வளர்ற புத்துநோய் செல். மருந்து ஊத்தினா கொஞ்ச நாள் அடங்கும். அப்புறம் தலைத் தீபாவளி மாப்பிள்ளை மாதிரி தட்டு நிறைய சட்டமா உக்காந்துக்கும். இந்தத் தடவையும் முழுசா அடங்கலைன்னா ஆராய்ச்சியை மூடிடுவோம்னு கமிட்டி சொல்லிடுச்சு.

கைடு தவமணி மேடம் முன்னாடி போய் நின்னான்.

"மேடம், செல்லுக்குள்ள ஒரு நொதி, புரதத்து மேல பாஸ்பேட்டை ஒட்டுது. ஒட்டினா 'வளரு'ன்னு உத்தரவு. அந்த ஒட்டுறவனைத்தான் மருந்தால அடிக்கிறேன். ஒருத்தனை அடிச்சா இன்னொருத்தன் வந்து ஒட்டுறான். இவனுங்களை இவ்ளோ வேகமா ஒட்டச் சொல்றது யாரு மேடம்?"

மேடம் ஹேண்ட்பேக்லேர்ந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாங்க.

"கிட்ட வா. பல்கீஸ், நீயும் வாம்மா. நான் இவன் நெத்தியில ஒட்டுவேன். நீ எடுத்துடு."

பக்கத்து மேசையில வேலை பாத்த பல்கீஸ் சிரிச்சுக்கிட்டே வந்தா.

மேடம் ஒட்டினாங்க. அவ எடுத்தா. ஒட்டினாங்க. எடுத்தா.

"எதாச்சும் நிக்குதா?"

"இல்ல மேடம்."

"பல்கீஸ், நீ போய் டீ குடி."

மேடம் அதே நிதானத்துல ஒட்டிக்கிட்டே இருந்தாங்க. நெத்தி முடிஞ்சு கன்னம், கன்னம் முடிஞ்சு மூக்கு.

டீயோட திரும்பி வந்த பல்கீஸ் வாசல்லயே நின்னுட்டா. "ஐயோ செங்கோடா, அம்மை போட்டிருச்சா?"

மேடம் கேட்டாங்க, "நான் வேகமா ஒட்டினேனா?"

"இல்ல மே..." பாதியில நிறுத்தினான். பொட்டோடயே ஓடினான்.

செல்லைத் துருவிப் பாத்தான். ஒட்டுற நொதிங்க வழக்கம்போலத்தான் வேலை பாக்குது. பாஸ்பேட்டை எடுக்குற நொதியைத்தான் காணோம். அதை உண்டாக்குற ஜீனே உடைஞ்சு கிடக்கு.

நல்ல ஜீனை உள்ள அனுப்பினான்.

செல் அடங்குச்சு. திரும்ப வளரும்னு காத்திருந்தான். வளரலை. இன்னும் காத்திருந்தான். ம்ஹூம்.

கமிட்டி ஆளுங்க மைக்ராஸ்கோப்புக்கு முண்டியடிச்சாங்க. தலைவரே கை தட்டினாரு. "மூடுறதா? எவன்யா சொன்னது? நடத்துங்க!"

செங்கோடன் போட்ட குத்தாட்டத்துல ஒரு குடுவை உடைஞ்சு விரலைக் கிழிச்சிடுச்சு. பல்கீஸ் திட்டிக்கிட்டே கட்டுப் போட்டா. அவன் ஆட்டம் நிக்கலை.

"ஜெயிச்சுட்டோம் மேடம்! அடுத்து, அந்த ஒட்டுற பயலுகளை உடம்புலேர்ந்தே மொத்தமா ஒழிச்சுக் கட்டிடுவோமா?"

மேடம் அவன் விரலைப் பாத்தாங்க.

"ஒழிச்சுட்டு, அந்த இடத்துல தோலை யாருடா வளரச் சொல்லுவா?"