மந்திரி சிரித்த சிரிப்பும் ஆற்றங்கரைத் தெரு விளக்கும்

செங்காவூர் ராஜா மருதப்பர் மின்சாரத்தின் மேல் தீராத ஆசை கொண்டவர். ஊருக்கே அரண்மனையிலிருந்துதான் கரண்டு போகும். ஆனால் கடைசியில் இருந்த ஆற்றங்கரைத் தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். அங்கே பல்பு எரிகிறதா என்று பார்க்கவே ஒரு விளக்கு வேண்டும்.

அந்தத் தெருவில் மாவு மில் நடத்தும் வள்ளிநாயகி கெட்டிக்காரி. வாய்க்காலில் சக்கரம் வைத்துச் சொந்தமாகக் கரண்டு எடுத்தாள். சபைக்கு வந்து கேட்டாள்.

"மில்லுக்குப் போக மிச்சம் நிறைய இருக்கு மகாராஜா. அரண்மனைக் கம்பியில சேத்துவிட்டா எங்க தெரு பூரா நல்லா எரியும்."

மின்சார மந்திரி மல்லையப்பருக்கு முகம் சுருங்கியது. தன் கைக்கு அடங்காத கரண்டு ஊரில் இருப்பதா?

"ஆபத்து, அரசே! பழுது பார்க்க நாம் கரண்டை நிறுத்துவோம். இந்தம்மா சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பத்தில் ஏறியவன் கதி?"

கெட்ட எண்ணம்தான், ஆனால் கேள்வி நியாயமானது. ராஜா யோசித்தார்.

"நம் கரண்டு நின்ற நொடியே இவள் கரண்டும் நிற்க வேண்டும். யாரும் தொடக்கூடாது, யாரும் போய்ச் சொல்லவும் கூடாது. முடியாவிட்டால் சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும்."

வள்ளிநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

அவைப் புலவர் தாண்டவராயன் எழுந்தார். ராஜாவின் காதில் ஏதோ சொன்னார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சபையே சிரித்தது. மல்லையப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ராஜா சட்டென்று நிறுத்தினார். அந்த நொடியே சபை கப்சிப்.

"மந்திரியாரே, எதற்குச் சிரித்தீர்கள்?" என்றார் தாண்டவராயன்.

"நீங்கள் சொன்ன வேடிக்கைக்கு."

"நான் வேடிக்கை எதுவும் சொல்லவில்லையே. 'சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துங்கள்' என்றேன். அரசே, சிரிப்பை நிறுத்தச் சொல்லி இவரை யாராவது தொட்டார்களா? சொன்னார்களா? உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நீங்கள் நிறுத்தியதும் நிறுத்திவிட்டார். சக்கரத்துக்கும் அப்படி ஒருவர் போதும். அதன் இணைப்பை ஒரு காந்தம் பிடித்திருக்கட்டும். அந்தக் காந்தத்துக்கு உயிர், தனிக் கம்பியில் வரும் அரண்மனைக் கரண்டு. அது நின்றால் காந்தம் பிடியை விடும், இணைப்பு தானாகக் கழன்றுகொள்ளும்."

மறுநாள் மாலை அப்படியே செய்து பார்த்தார்கள். அரண்மனையில் கரண்டை நிறுத்தியதும் ஆற்றங்கரையில் 'டக்' என்று ஒரு சத்தம், தெரு இருண்டது. மறுபடி கொடுத்து, இணைப்பையும் மாட்டினார்கள். தெரு முழுக்க வெளிச்சம். வள்ளிநாயகி வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டார். "அருமையான கருவி. இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?"

"மந்திரியார் பெயரையே வைக்கலாம், அரசே. இரண்டும் ஒரே வேலைதானே செய்கின்றன."

ராஜா சிரித்தார். சபை சிரித்தது. வேறு வழி? மல்லையப்பரும் சிரித்தார்.