ஒன்பதாம் கட்டிலுக்குப் பத்தியம்

“எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் அம்மா. கேக்கவே மாட்டேங்காங்க,” என்றார் பூவலிங்கம்.

தவமணியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நீங்க கேட்டீங்களா?”

“சொல்லுற ஆளு நானு. நான் எதுக்குக் கேக்கணும்?”

அம்மை சிரித்துவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். பூவலிங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. குருவிடம் காட்ட முடியுமா? ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்துத் தீர்த்துக்கொண்டார்.

பூவலிங்கத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. பஞ்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதினால் ஆலை முழுக்க எழுந்து நடந்த காலத்தைப் பார்த்தவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தவமணியம்மையின் ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அம்மை அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இவர் அவரை ‘அம்மா’ என்பார். அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார். குருவும் சிஷ்யரும் இப்படிக் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

ஞானம் வேண்டும் என்று வந்து நின்ற மனிதரிடம் அம்மை மடத்து வைத்தியசாலையைத் தூக்கிக் கொடுத்தார். இதைப் பாத்துக்கோங்க, ஞானம் வரும்போது வரட்டும் என்றார். பூவலிங்கம் அதை உயிராகப் பிடித்துக்கொண்டார்.

இலவச வைத்தியசாலை. டாக்டர் டவுனிலிருந்து வந்து போவார். வார்டு எஸ்தர் சிஸ்டரின் பொறுப்பு. சமையல்கட்டு மாசானத்தின் பொறுப்பு. நடுவில் ஒரு முற்றம்.

முற்றம் என்றால் பெரிய மைதானம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைத் தாண்டி இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போவது கிடையாது. வார்டு வாசலில் நின்று எஸ்தர் குரல் கொடுப்பார். சமையல்கட்டு வாசலில் நின்று மாசானம் “ஆகட்டும்” என்பார். பேச்சு அத்தோடு சரி.

ஒன்பதாம் கட்டிலில் சுடலையாண்டி என்று ஒரு லாரி டிரைவர் கிடந்தார். இதயம் பலவீனம், கால் இரண்டும் வீக்கம். உப்பே ஆகாது என்று டாக்டர் எஸ்தரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எஸ்தரும் வாசலில் நின்று, ஒன்பதாம் கட்டிலுக்குப் பத்தியம் என்று சொல்லிவிட்டார். மாசானமும் ஆகட்டும் என்றார்.

வீக்கம் வடிய வேண்டும். ஏறியது. ஒருநாள் டாக்டர் கஞ்சியைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

பூவலிங்கம் சமையல்கட்டுக்குப் பாய்ந்து போனார். உப்புப் போட்டீரா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மாசானம் ஒரே வார்த்தைதான் சொன்னார். ஒரு கல் உப்பு போட்டிருந்தால் தன் கை அழுகட்டும் என்று. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

சும்மா விடுவாரா மேனேஜர்? பத்தியச் சாப்பாட்டுக்கு இனிமேல் சிவப்பு மூடி என்று உத்தரவு போட்டார். மறுநாளே தூக்குச்சட்டிகள் சிவப்பு மூடியோடு பளபளவென்று வந்தன. பூவலிங்கம் திறந்து ருசி பார்த்தார். உப்பும் குறையாமல் வந்திருந்தது.

அன்றிலிருந்து சுடலையாண்டிக்கு எஸ்தரே ஸ்டவ்வில் தனியாகக் கஞ்சி வைத்தார். அந்தச் சப்பென்ற கஞ்சியை அவர் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. வீக்கம் குறைந்தது, ஆளும் குறைந்துகொண்டே வந்தார். இதே நோக்காட்டோடு வேறு பேரும் கிடந்தார்கள். எத்தனை பேருக்குத்தான் எஸ்தர் வைப்பார்?

இதையெல்லாம் பூவலிங்கம் கொட்டி முடித்தபோது கீரையும் முடிந்திருந்தது. அம்மை கையைத் துடைத்துக்கொண்டார்.

“அமாவாசை வரைக்கும் பாப்போம் அண்ணாச்சி. அதுக்குள்ள சரியாகலைன்னா வைத்தியசாலையைப் பூட்டிருவோம். நம்பி வந்து படுக்கிற ஆளுக்கு நாம போடுற சோறே நஞ்சாகக் கூடாது.”

அந்த வைத்தியசாலை இல்லை என்றால் காலையில் கண் விழித்து பூவலிங்கம் எங்கே போவார்?

“மாசானத்தை மாத்திருவோமா?”

“வேண்டாம்.”

“எஸ்தரை?”

“வேண்டாம்.”

“அப்போ என்னதான் செய்ய?”

“ரெண்டு பேரும் நாளையிலேர்ந்து காலையில சேர்ந்து உக்காந்து காய் நறுக்கட்டும். நீங்களும் கூட இருங்க. வைத்தியசாலைப் பேச்சு மட்டும் எடுக்கக் கூடாது. மத்தபடி என்ன வேணும்னாலும் பேசிக்கோங்க.”

அவ்வளவுதான். அம்மை எழுந்து கீரையை அலசப் போய்விட்டார்.

இது என்ன கூத்து என்று பூவலிங்கம் முணுமுணுத்தார். ஆள் சாகக் கிடக்கிறார், காய் நறுக்கச் சொல்கிறார்களே என்று ஆற்றுக்குப் போகும் வழியெல்லாம் பொருமினார். பொருமினாரே தவிர, விடிந்ததும் முதல் ஆளாக நடு முற்றத்தில் பாயை விரித்தார். அந்த மனிதரிடம் அதுதான் பெரிய விஷயம். புரியாவிட்டாலும் செய்வார்.

முதல் நாள் யாரும் பேசவில்லை. எஸ்தர் ஒரு பக்கம் திரும்பி வெண்டைக்காய் நறுக்கினார். மாசானம் மறுபக்கம் திரும்பிப் பூசணியைப் பிளந்தார். பூவலிங்கம் நடுவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த நாளும் அப்படியேதான். எஸ்தர் நறுக்கிய துண்டுகள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. மாசானத்துக்குப் பொறுக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் பெரிசுகளைப் பொறுக்கி எடுத்து இரண்டாக நறுக்கிப் போட்டார். எஸ்தர் அதைப் பார்த்தார். அதற்கப்புறம் வேண்டுமென்றே இன்னும் பெரிசாக நறுக்கினார். மாசானம் அதையும் பொறுக்கினார். கடைசியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு வாழைப்பூ வந்தது. வாழைப்பூ ஆய்கிற வேலை இருக்கிறதே, அது வாயைச் சும்மா இருக்க விடாது. ஒவ்வொரு பூவாகப் பிரித்து உள்ளே இருக்கும் கள்ளனை, அந்த வேகாத நரம்பை, உருவிப் போட வேண்டும். சின்ன வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்த்தி வைத்து ஆயச் சொன்னதை எஸ்தர் சொன்னார். தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார் மாசானம். சித்த வைத்தியர் வீட்டில் சமைத்துப் பிழைத்த குடும்பம் அவருடையது. எந்த நோய்க்கு எந்தக் காயை ஒதுக்கணும் என்று பள்ளிக்கூடம் போகும் முன்னாலேயே தெரியும் என்று சொன்னார். பூவலிங்கம்கூடத் தன் மனைவி வாழைப்பூ வடை சுடுவதைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மாசானம் எழுந்து போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

நாட்கள் ஓடின. அமாவாசை கிட்டே வந்துவிட்டது. பூவலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. பேச்சு என்னவோ நன்றாகத்தான் நடக்கிறது. உப்பு விஷயம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாயைத் திறந்து கேட்டுவிடலாமா என்று தவித்தார். அம்மை சொன்ன ஒரே நிபந்தனையை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்றைக்குப் புடலங்காய். எஸ்தர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் அவருக்கும் கால் வீங்கிவிட்டதாம். பெரிய மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி அழுவாராம்.

“உப்பு இல்லாத கஞ்சியை எப்படிம்மா முழுங்கன்னு அழுவாரு. பாக்கச் சகிக்காது. ஆனா பத்தியம்னா பத்தியம்தானே.”

மாசானத்தின் கை நின்றது.

“உப்பே கிடையாதா?”

“கிடையாது.”

“இந்துப்பு?”

“எந்த உப்பும் கிடையாதுண்ணே. கால் வீங்கின ஆளுக்கு எல்லா உப்பும் ஒண்ணுதான்.”

மாசானம் கத்தியைக் கீழே வைத்தார்.

“வைத்தியர் வீட்டுல பத்தியம்னா புளி கிடையாது, கத்திரிக்கா கிடையாது, கறியுப்பு கிடையாது. இந்துப்பு வறுத்துப் போடுவோம். அது எங்களுக்கு உப்புக் கணக்குலயே வராது, மருந்து. நான் தனி உரல்ல இடிச்சு, பாத்துப் பாத்துல்லா போட்டேன்.”

எஸ்தர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. என்ன மனுஷி!

“நான் உப்பில்லாமன்னு சொல்லிருக்கணும்,” என்றார். “பத்தியம்னு சொல்லிட்டேன். உங்களுக்கு அது வேறயா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைண்ணே.”

“நான் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சிஸ்டர்.”

மாசானம் எழுந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே முற்றத்தைத் தாண்டி வார்டுக்குள் போனார். பூவலிங்கம் பின்னாலேயே ஓடினார்.

ஒன்பதாம் கட்டில் பக்கத்தில் போய் மாசானம் நின்றார். சுடலையாண்டியின் காலைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். இத்தனை நாளில் அந்த மனிதரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுட்ட வெங்காயம் என்றார்.

அதற்கப்புறம் மாசானத்தைப் பிடிக்க முடியவில்லை. சின்ன வெங்காயத்தைச் சுட்டார். சீரகத்தை வறுத்தார். எஸ்தரைக் கூப்பிட்டு, எலுமிச்சை பிழியலாமா, மிளகு போடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எஸ்தர் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். முற்றத்தில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. சிவப்பு மூடிகளை யாரும் தேடவில்லை.

அமாவாசையன்று பூவலிங்கம் அம்மையிடம் போனார். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“அவங்க சரியாயிட்டாங்க அம்மா.”

“யாரு?”

“அவங்கதான். சமையல்கட்டு ஆளுங்க, வார்டு ஆளுங்க.”

பூவலிங்கம் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“வைத்தியசாலையைப் பத்தி என்ன முடிவு பண்ணியிருக்கீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். பூட்டணுமா அம்மா?”

அம்மை வாயைத் திறப்பதற்குள் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார் மாசானம்.

“அண்ணாச்சி, நம்ம டிரைவர் சட்டியைக் காலி பண்ணிட்டாரு. இன்னும் வேணும்னு கேக்காரு.”

பூவலிங்கம் சட்டென்று எழுந்தார்.

“நம்மகிட்ட இன்னும் இருக்கா?”

“ஒரு சட்டி இருக்கு. எஸ்தர் சிஸ்டர் சூடு பண்ணிக்கிட்டு இருக்காங்க.”

“வாங்க, வாங்க. நான் கொண்டு போய்க் குடுக்கேன்.”

இரண்டு பேரும் படி இறங்கிவிட்டார்கள். அம்மை பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, என்னமோ கேக்க வந்தீங்களே?”

பூவலிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்புறமா வாறேன் அம்மா. கஞ்சி ஆறிரும்.”