முன்கம்பு

"ஆசான், நான் எப்ப கம்பு தூக்கலாம்?"

மாடக்கண்ணு வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஆசான் பூரணவல்லி எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். எலும்பு முறிவும் சுளுக்கும் பார்க்கிற வர்மக் குடும்பம். அவனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஆசான் ஆசான்தான்.

அவர் அடுப்புத் தீயைத் தணித்தார்.

கருங்கிளி மலையின் உச்சியில் குமரன் கோயில் இருக்கிறது. ஏற முடியாதவர்களைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கம்புகளில் கட்டி, நான்கு பேர் தோளில் சுமந்து போவார்கள். அதுதான் டோலி. நான்கு பேரில் இடதுபக்கம் முன்னால் நிற்பவன் வைத்ததுதான் சட்டம். அவன் அடி வைத்தால் மற்றவர்கள் வைப்பார்கள், அவன் நின்றால் நிற்பார்கள். அந்த இடத்துக்குப் பெயர் முன்கம்பு.

மாடக்கண்ணு வெகுகாலமாக முன்கம்பு.

ஆனி மாதச் சாரலில் ஒரு படி வழுக்கியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது. பலம் மட்டும் திரும்பவில்லை.

"தைப்பூசத்துக்குள்ள சரியாகணும் ஆசான். உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியும். பூசத்தன்று முதல் டோலியில் தோள் வைக்கிறவனுக்குத்தான் அந்த வருஷம் கம்பு. அன்று வராதவன் அடுத்த பூசம்வரை வேடிக்கை பார்க்கலாம். இப்போது முன்கம்பில் நிற்பவன் தளவாய், மாடக்கண்ணுவின் மனைவிக்குத் தம்பி. வீட்டுக்குள்ளேயே போட்டி.

"எந்தக் கால்?" என்றார் ஆசான்.

"இடது."

ஆசான் குனிந்து அவன் வலது முட்டியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"ஐயோ! ஆசான், அது நல்ல கால்!"

"ஆமா" என்றார் ஆசான். "நாளைக்கு வாங்க அண்ணாச்சி."

*

மறுநாள் மாடக்கண்ணு, கம்பு உறுத்தாமல் தோளில் போடுகிற சுமைத் துண்டோடு வந்து நின்றான்.

ஆசான் அவனை மலையடிவாரத் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனார்.

"நீந்துங்க."

"நீச்சலா? நான் சுமை தூக்குதவன் ஆசான்."

"இன்னைக்கு ஒரு நாள் உங்களைத் தண்ணி தூக்கட்டும்."

அவன் நீந்தினான். கரையில் துணி துவைத்த பெண்கள் சிரித்தார்கள். அவனுக்குக் காது சிவந்தது.

அதற்கு மறுநாள் ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்து டவுன்வரை போய் வரச் சொன்னார். அதற்கு அடுத்த நாள், உழுது தண்ணீர் கட்டிய வயலில் முழங்கால் சேற்றில் நடக்க விட்டார். பிறகு ஒரு நாள் சும்மா உட்காரச் சொன்னார். அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஆசான், ஒண்ணு கேக்கேன். கோவிக்கக் கூடாது."

"கேளுங்க."

"இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு என்னைப் போட்டு அலைக்கழிக்கீங்க. ஒரே வேலையைத் தினமும் செஞ்சாத்தானே உடம்பு படியும்?"

"ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க."

அவன் நல்ல காலைத் தூக்கிக்கொண்டு இடது காலில் நின்றான். நின்றுவிட்டோம் என்று அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

"கண்ணை மூடுங்க."

மூடினான். அடுத்த மூச்சில் தரையில் கிடந்தான்.

ஆசான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

*

கார்த்திகை பிறந்ததும் மலைக்குக் கூட்டிப்போனார். படிப்பக்கம் போகவில்லை. ஆடு மேய்கிற தடத்தில் ஏறச் சொன்னார். பாறை, வேர், உருளுகிற சரளைக்கல். சுமை கிடையாது. கையில் ஒரு குச்சிகூடக் கிடையாது.

மாடக்கண்ணு விழுந்தான். எழுந்தான். திரும்பவும் விழுந்தான்.

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இந்த மலையில நான் ஏறாத நாள் உண்டா? என்னை இங்க வச்சுக் கேவலப்படுத்துதீங்களே!"

"மலையிலயா ஏறினீங்க?"

"பின்னே?"

"படியில."

உண்மைதான். படி எப்போதும் ஒரே உயரம், ஒரே அகலம். அத்தனை வருஷமும் கால் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை டீக்கடையில் தளவாயின் குரல் கேட்டது. அவன் மாடக்கண்ணுவைப் பார்க்கவில்லை.

"அத்தானுக்கு இனி கோயில் வாசல்ல செருப்புக்கு டோக்கன் போடுத வேலைதான். ஆட்டுப் பாதையில உருண்டுக்கிட்டு இருக்காரு."

கடையே சிரித்தது. மாடக்கண்ணு டீயைக் குடிக்காமல் எழுந்து போனான்.

விடிந்தும் விடியாமலும் ஒரு மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியில் ஏறினான். ஆசானிடம் சொல்லவில்லை. மறுநாளும் ஏறினான். அதற்கு மறுநாள் கால் வீங்கிவிட்டது.

ஆசான் வீக்கத்தைப் பார்த்தார். அவன் தோளில் இருந்த சிராய்ப்பையும் பார்த்தார்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"என்ன செஞ்சீங்க?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினேன்."

"பல்லு நல்ல பலமாத்தான் இருக்கு அண்ணாச்சி. எங்கிட்ட நீங்க காலுக்குல்லா வந்தீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இனி முதல்ல இருந்தா?"

"தெப்பக்குளத்துல தண்ணி நிறைய இருக்கு" என்றார் ஆசான்.

அவன் குளத்துக்குப் போனான். முங்கி முங்கி அழுதான். தண்ணீருக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. கம்பு போய்விட்டால் தான் யார் என்று அவனுக்கே தெரியவில்லை. அடிவாரத்தில் நின்று, அடுத்தவன் முன்கம்பில் போவதை அண்ணாந்து பார்க்கிற மாடக்கண்ணுவை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

*

மார்கழி முழுக்கக் குளமும் சைக்கிளும் சேறும் ஆட்டுத்தடமும் மாறி மாறி வந்தன. அடுத்து எது என்று அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

ஒரு நாள் தடத்தில் இறங்கும்போது சரளை உருண்டது. கால் தானாகவே வேறு கல்லைப் பிடித்துக்கொண்டது. அவன் நின்று தன் காலையே பார்த்தான். அது யாரோ ஒருவருடைய கால் போல இருந்தது.

பின்னால் வந்த ஆசான் எதுவும் பார்க்காதவர் மாதிரி அவனைத் தாண்டிப் போனார்.

பூசத்துக்கு முந்தின நாள் காலையில் தளவாயும் மற்ற இரண்டு டோலிக்காரர்களும் ஆசான் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். டோலியும் கூடவே வந்திருந்தது.

"அத்தான், உங்க மேல மரியாதை இருக்கு" என்றான் தளவாய். "ஆனா ஆளு உயிரு சம்பந்தப்பட்டது. இன்னைக்கு ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டுங்க. நல்லபடியா முடிச்சா நாளைக்கு முன்கம்பு உங்களுக்கு. இல்லன்னா எனக்கு. பொறவு பேச்சு இல்ல."

"சரி" என்றான் மாடக்கண்ணு. "யாரை உக்கார வச்சுத் தூக்கணும்?"

கம்பி வைத்த காலை நம்பி எவர் உட்காருவார்?

ஆசான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"தூக்குங்க."

*

ஏறினார்கள்.

மாடக்கண்ணு முன்கம்பில். அவனுக்கு நேர் பின்னால் தளவாய். வலதுபக்கம் மற்ற இரண்டு பேர். ஒவ்வொரு படியிலும் மாடக்கண்ணுவின் இடது காலைத் தளவாயின் கண் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தது. முதுகில் வெயில் அடிப்பதுபோல் அது மாடக்கண்ணுவுக்குத் தெரிந்தது.

கால் நடந்தது. மண்டபத்துக்கு மண்டபம் இறக்கி, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்கி, உச்சிக்குப் போய்விட்டார்கள். மற்ற இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடக்கண்ணுவின் முதுகில் தட்டினார்கள்.

தளவாய் தட்டவில்லை.

"ஏறுத நேரம் பாரம் பின்னால நிக்கவனுக்கு" என்றான். "இறங்குத நேரந்தான் அத்தான் உங்களுக்கு."

அதுவும் உண்மை. இறக்கத்தில் ஆளின் எடை முன்னால் சாய்ந்து வரும். நாற்காலி கவிழாமல் இருக்க, பின்னால் வருகிறவர்கள் முட்டியை மடக்கித் தாழ்ந்து தாழ்ந்து நடக்க வேண்டும். முன்னால் போகிறவன் மொத்தத்தையும் தாங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு மண்டபத்துக்கும் அடுத்த மண்டபத்துக்கும் நடுவே டோலியைக் கீழே வைக்கக் கூடாது. சட்டம் போட்டவர் யார் என்று தெரியாது, ஆனால் மீறியவர் எவரும் இல்லை. "இறக்கு" என்று சொல்லும் உரிமை முன்கம்புக்கு மட்டும்தான். அவன் பாதி வழியில் அதைச் சொல்லிவிட்டால் பேரன் காலம்வரை சொல்லிச் சிரிப்பார்கள். கம்பும் போய்விடும்.

இறங்கினார்கள்.

மேல் மண்டபம் தாண்டியதும் செங்குத்துப் படி. வலதுபக்கம் பாறைச் சுவர், இடதுபக்கம் பள்ளம். காற்று பள்ளத்திலிருந்து மேலே வீசியது.

நடுவழியில் இடது காலுக்குள் ஏதோ நடுங்கியது.

அவன் அது தெரியாததுபோல் இன்னொரு படி இறங்கினான். நடுக்கமும் கூடவே இறங்கியது.

"என்ன அத்தான், நடை சுருங்குது?" பின்னாலிருந்து தளவாயின் குரல் மூச்சுக்கு நடுவே வந்தது.

"ஒண்ணுமில்ல."

கீழே அடுத்த மண்டபத்தின் தூண் தெரிந்தது. எட்டிவிடலாம். எட்டாமலும் போகலாம்.

"ஆசான்" என்றான் மெதுவாக.

"ம்."

"கால் என்னமோ செய்யுது."

"உங்க காலு அண்ணாச்சி" என்றார் ஆசான். கண்ணைத் திறக்கவில்லை.

மாடக்கண்ணுவுக்கு வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை இல்லை. சொன்னால் கம்பு போய்விடும். குளமும் சேறும் ஆட்டுத்தடமும் இந்த ஒரு சொல்லில் போய்விடும். சொல்லாவிட்டால்?

தோளில் கனத்தது கம்பு மட்டுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு படி.

கால் நடுக்கம் கம்புக்கு ஏறியது. நாற்காலி லேசாகப் பள்ளத்துப் பக்கம் ஆடியது. அவனுக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இறக்கு!"

குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

நான்கு பேரும் சேர்ந்து குனிந்தார்கள். நாற்காலியின் கால்கள் படியில் உட்கார்ந்தன.

*

மாடக்கண்ணு திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு வரும் என்று காத்திருந்தான். தளவாயின் சிரிப்பு அவனுக்குப் பழக்கம்தான்.

சிரிப்பு வரவில்லை.

திரும்பினான்.

தளவாய் படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளாலும் தன் முட்டியை இறுகப் பிடித்திருந்தான். பிடித்த கையையும் சேர்த்து முட்டி ஆட்டியது. முகத்தில் ரத்தமே இல்லை. மற்ற இருவரும் அவனைப் பார்த்தபடி நின்றார்கள்.

"என்னல?" என்றான் மாடக்கண்ணு.

"உச்சியில இருந்தே இப்படித்தான் அத்தான்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? நீங்க விழுந்திருவீங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன்." அவன் தன் முட்டியைப் பார்த்தான். "இன்னும் ஒரு படி வச்சிருந்தா நான் கையை விட்டிருப்பேன்."

எல்லோரும் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

ஆசான் நாற்காலியை விட்டு எழுந்தார். மண்டபத்தைப் பார்த்து நடந்து இறங்கத் தொடங்கினார்.

பேச்சு பேச்சுதான். பாதி வழியில் சொன்னவனுக்குக் கம்பு இல்லை. மாடக்கண்ணு குனிந்து தன் சுமைத் துண்டை எடுத்து உதறினான். காலி நாற்காலியையாவது கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்று, முன்கம்பைத் தளவாய்க்கு விட்டுவிட்டுப் பின்பக்கம் போனான்.

தளவாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"எங்க போறீங்க அத்தான்?"

"உன் இடம் முன்னாலல்லா?"

"வேண்டாம். நாளைக்கும் நீங்களே முன்னால நில்லுங்க" என்றான் தளவாய். "வேற யாரு நின்னாலும் பின்னால வர எனக்குப் பயமா இருக்கு."